ஏழாவது கம்பி

தபாற்கந்தோரில் ஒன்பது நாள் கிடந்து
வரி கட்டிய பிறகு கைக்கு வந்தது பொட்டலம்.
உள்ளே இரண்டு செற் சில்லு, மூன்று செற் டயர்.
பொன் நிறத்தில் வலைப்பின்னல் ஒன்று.
மற்றது வெள்ளை, எட்டுக் கம்பி,
எழுபத்திரண்டில் ஓடிய கார்களுக்கு இருந்த விதமாம்.
எழுபத்திரண்டில் நான் பிறக்கவில்லை.
இந்தச் சில்லுகள் பிறந்ததோ
போன மாசியில்.

என் தொழில் பல்லுக் கட்டுவது.
பெரியாஸ்பத்திரிக்கு எதிரே, மேல்மாடியில், ஒற்றை மின்விசிறிக்குக் கீழே.
அறுபத்தாறு வயதுக்காரர் ஒருவர் வந்து
பால் வெள்ளையில் வேணும் என்றார்.
வேண்டாம் ஐயா,
வாய் திறந்தால் முதலில் பல்லு வரும்,
பிறகுதான் நீங்கள் வருவீர்கள் என்றேன்.
கோபித்துக்கொண்டு போனவர்
செவ்வாய்க்கிழமை திரும்பி வந்தார்.

அன்றிரவு
பல் நிறம் பார்க்கும் சட்டத்தைச் சில்லோடு ஒட்டிப் பிடித்தேன்.
சட்டத்தில் இல்லாத வெள்ளை.
கிரவலில் ஒரு பருவம் ஓடிய எதுவும்
இப்படிச் சிரிக்காது.
சாயத் தேத்தண்ணி காய்ச்சி
நாலையும் அமிழ்த்திவிட்டுப் படுத்தேன்.
காலையில்
நம்பக்கூடிய நிறம்.

டயருக்குத்தான் சண்டை.
காத்தான்குடியிலிருந்து சிப்லி வந்தான்,
கடையைப் பூட்டாமல், தம்பியை இருத்திவிட்டு.
அவனுக்கு முள்ளு முள்ளாய், மெத்தென்று, அகலமானது.
ஒஸ்மண்ட் எதையும் சொல்லாமல்
பொன் சில்லையே தடவிக்கொண்டிருந்தான்.
நான் எடுத்தது ஒடுக்கமானது,
சதுரக் கட்டைப் பல், கொஞ்சம் கடின ரப்பர்.

"இது கடிக்காது கா. வழுக்கும்."
"ஒள்ளுப்பம் வழுக்கட்டும்."
"பிறகென்னத்துக்கு டயர்?"

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான் சிப்லி:
அளவுக்கு மேலே கடிக்கிற பல்லு
முரசை அறுக்கும்.
கொஞ்சம் விட்டுக்கொடுக்கிற பல்லோடுதான்
மனிசர் கோழிக்கால் சாப்பிடுகிறார்கள்.

அவன் சிரிக்கவில்லை. தேத்தண்ணி கேட்டான்.
சில்லு ஊறியதைத் தவிர வேறில்லை என்றேன்.

அச்சில் ஏற்றினால் மட்காட்டுக்கு வெளியே
மூன்று மில்லிமீற்றர் துருத்தியது.
மிதந்த பல்லைப்போல.
பல் ராவும் கருவியால் உட்புறம் ராவினேன்,
அறுகோணத் துளை மட்டும் கலங்காமல்.
உள்ளே பஞ்சு, விளிம்பில் சுப்பர் குளூ,
விரலில் பாதி, சில்லில் பாதி.
இறக்கி வைத்தபோது
என் சிவப்பு டட்சன்
முதல் தடவையாகத் தன் காலில் நின்றது.

ஞாயிறு, வவுணதீவுப் பாலம் தாண்டி
வயலோரக் கிரவல் ரோட்டு.
வேளாண்மை வெட்டி முடிந்திருந்தது.
நெல்லு ஏற்றிய மெசின்காரர் ஒருவர்
மூன்று கார்களுக்கும் வழிவிட்டு,
எஞ்சினை நிறுத்தி,
இறங்கியே வந்துவிட்டார்.

சிப்லியின் கார் நேராய்ப் போனது,
நேராய் வென்றது.
எழுத அதில் வேறொன்றுமில்லை.

என்னுடையது இரண்டாம் வளைவில்
பின்பக்கத்தை மெல்ல வெளியே விட்டது.
நான் கிறுக்கவில்லை, அது கிறுகிற்று.
செம்புழுதி விசிறியாய் எழும்பி
வெயிலில் ஒரு கணம் அசையாமல் நிற்க,
அதற்குள்ளே எட்டுக் கம்பியும் சேர்ந்து
ஒற்றை வெளிறிய வட்டம்.
"அடி சக்கை" என்றார் மெசின்காரர்.

பிறகு மதகுக் கல்.

உடைந்த துண்டை மூன்று பேரும் தேடினோம்,
மெசின்காரரோடு நாலு பேர்.
கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை, அறுபத்தாறு வயதுக்காரரின் செற்றுக்குக் குழைத்ததில்
ஒரு துளி மிச்சமிருந்தது.
கம்பியாய் வார்த்து, ராவி, மினுக்கி ஒட்டினேன்.
அவர் பின்னேரம் வந்து
கண்ணாடியில் நெடுநேரம் பார்த்தார்.
"என்ர பல்லு மாதிரித்தான் கிடக்கு" என்று
காசை எண்ணி வைத்தார்.

அடுத்த ஞாயிறு
சிப்லி குனிந்து சில்லை விரலால் சுழற்றினான், நிறுத்தினான்,
மறுபடி சுழற்றினான்.
"ஏழாவது கம்பி மட்டும்
ஆர்ர பல்லு கா?"