ஐந்துக்கு ஐந்து

மின்தூக்கி ஐந்தில் நிற்கும்,
அப்புறம் ஒன்பதில்.
சவரிமுத்து வீடு ஏழில்.

தெலுக் பிளாங்கா வெயிலில் ஏறிப்போய்
கருத்தாய்வுத் தாளை நீட்டினேன்:
வாழ்க்கையில் நிறைவா? ஒன்று முதல் ஐந்து.
ஐந்தை வட்டமிட்டார்.
ஒற்றைக் காலில், அடுப்பு மேடையைப் பிடித்தபடி
கோப்பி கலக்கித் தந்தார்.
கடைசியாகக் கீழே போனது?
"ஈஸ்டருக்கு. ரெண்டு பையன்க தூக்கிட்டுப் போனாங்க."

அலுவலகத்தில் கூட்டிப் பார்த்தேன்.
ஏழில் ஒரு கதவு திறக்க ஆகும் காசில்
நாற்பது வீட்டுக்குச் சாயம்,
பிள்ளைகள் விழுந்தால் வலிக்காத ரப்பர் தரை.
மகிழ்ச்சி அங்கேதான் அதிகம்.
மறுபடி கூட்டினேன். பிழையில்லை.

அவருடைய ஐந்தும் பொய்யில்லை.
ஆசையை மடித்து மடித்து
ஜன்னல் அளவுக்குக் கொண்டுவந்திருந்தார்.
அதில் கப்பல்கள் தெரியும்,
கொடி பார்த்து நாடு சொல்வார்.

இன்றிரவு, பசிகூட இல்லாமல்,
சும்மா ஒரு பரோட்டாவுக்கு
இறங்கிப் போகலாமா அவர்?
வேண்டாமென்று வீட்டிலேயே இருக்கலாமா?
போகவில்லை,
போக முடியவில்லை:
தாளில் இரண்டுக்கும் ஒரே கட்டம்.

ஓரத்தில் பென்சிலால் இதை எழுதினேன்.
எழுதிவிட்டு
ஐந்தைக் கூட்டலில் சேர்த்தேன்.