நோகுதா

மருந்து கட்டும் அறை ஜன்னலுக்கு வெளியே
சோற்றுப் பார்சல் தாளைத் தின்கிறது ஒரு மான்.
துரத்த இன்றைக்கு ஆளில்லை.

கிண்ணியாவிலிருந்து முதல் பஸ்ஸில் வருபவர் உதுமாலெவ்வை.
குதிகாலில் ஆணி ஏறி நாற்பது நாள்.
ஏறினது தெரியவில்லையாம்.
செருப்பு ஈரமானதும்தான் குனிந்து பார்த்தாராம்.
சீனி வருத்தம் அப்படித்தான்,
முதலில் தின்பது நோவை,
கால் அதற்குப் பிறகு.

துணியை நனைத்து நனைத்து அவிழ்க்கிறேன்.
மணம் எழும்புகிறது.
அவர் மகன் மட்டும்
போன் வந்தவன்போல வெளியே போகிறான்.

மஞ்சளாய்க் கொழகொழத்தது,
விளிம்பில் கறுத்து இறுகினது,
இரண்டும் செத்தவை.
அவை மூடிக் கிடக்கும்வரை
அடியில் உள்ளது வளராது.
இடுக்கியால் தூக்கிப் பிடித்து
கத்தரியைச் சாய்க்கிறேன்.

நோகுதா?
இல்ல மிஸ்.
இப்ப?
இல்ல. வெட்டுங்க.

அவருக்குத் தொழில் ஃபைபர் போட்டுக்கு ஓட்டை அடைப்பது.
"அஞ்சு ரூபாக் குத்தியால தட்டிப் பாப்பன் மிஸ்.
செத்த இடம் சொத்துச் சொத்தெண்டு கேக்கும்.
அதெல்லாத்தையும் அரைச்செடுக்காம
மேலால பூசினா
நடுக்கடல்லதான் வெடிக்கும்.
போட்டுக்காரன் ஏசுவான்,
சின்ன ஓட்டைக்கு ஏன்டா இவ்வளவு வெட்டினாய் எண்டு."

சிரிக்கிறார்.
எனக்குக் கத்தரி நுனியில் கண்.
என் வீட்டிலும் ஒன்றிருக்கிறது, மேலால் பூசினது.
அதை இந்த அறைக்குள் நான் கொண்டுவருவதில்லை.

நோகுதா?
இல்ல.
நோகுதா?
நீங்க வெட்டுங்க மிஸ், நான் சொல்றன்தானே.

தட்டில் சேருகிறது, ஈரமாய், சின்னச் சின்னதாய்,
நாற்பது நாளுக்கு முன்
அவரைச் சுமந்து கரையில் நடந்தது.

கத்தரி ஒரு நூல் கூடப் போனது.

"உம்மா!"

கால் உதறியது. தட்டு நிலத்தில்.
மான் மதிலோரமாய் ஓடியது.
மகன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து
என்னை முறைத்தான்.

புண்ணின் அடியில்
குண்டூசித் தலையளவு சிவப்பு.
ஊறி, தயங்கி, ஓர் ஓரமாய் வழிந்தது.

மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தேன்.
வந்தது வேறு:
"நொந்ததா? உண்மையாகவே நொந்ததா?"
கண்ணில் நீர் முட்ட
ஓமென்று தலையாட்டினார்.

கத்தரியை வைத்துவிட்டேன்.
இன்றைக்கு எல்லை அதுதான்.

சேலைன் ஊற்றிக் கழுவி, துணி வைத்து,
கணுக்காலைச் சுற்றிச் சுற்றிக் கட்டுகிறேன்.
மகன் இன்னும் முறைக்கிறான்.
விளங்கப்படுத்த நேரமில்லை,
வெளியே வாங்கில் பன்னிரண்டு பேர்.

அட்டையில் எழுதினேன்: நோ உண்டு.
கீழே ஒரு கோடும் போட்டேன்.
பேனை அழுத்தினதில்
தாள் கொஞ்சம் கிழிந்தது.