எர்த்

காக்கி புக்கிட், மூன்றாம் மாடி, கடைசி ரோலர் கதவு.
சரிவுப்பாதையில் உறுமி ஏறி வந்தபோதே தெரிந்தது
இந்த ஊரில் அந்த வண்டிக்கு வாய்த்த
ஆகப்பெரிய மலை அதுதான் என்று.

பதினெட்டு வயது லேண்ட் குரூசர்.
சி.ஓ.இ. தீர இன்னும் பதினோரு மாதம்.
அதற்குள் உலான் பாத்தார் போய்
திரும்பியும் வந்துவிட வேண்டும் என்றார் பிலோமினா.
அவர் கணவர் ஆரோக்கியதாஸின் சட்டைப்பையில்
எழுதுகிற பேனாவோடு ஒட்டிக்கொண்டு
ஓர் இன்சுலின் பேனா.

ஹஸ்னூல் அடியில் ஊர்ந்து போனான்.
பின் அச்சின் வயிற்றைத் திறந்து
வடிந்த எண்ணெயை விளக்கில் காட்டினான்:
மினுமினுவென்று இரும்புப் பொடி.
பல்சக்கரம் மாற்றினான், கியர் விகிதத்தைத் தாழ்த்தினான்,
முன்னுக்கும் பின்னுக்கும் லாக்கர் வைத்தான்.
இனி ஒரு சக்கரம் சேற்றில் வெட்டியாய்ச் சுழன்றால்
எதிர்ச்சக்கரம் வேடிக்கை பார்க்காது.

விளைவு, பி.ஐ.இ.யில் எண்பதைத் தொட்டதும்
எஞ்சின் அலறியது.
வேகமானி சொல்வது ஒன்று, போவது ஒன்று.
டாக்சிக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்துத் தலையாட்டிக் கடந்தார்.

என் வேலை மின்சாரம்.
முதல் பேட்டரி வண்டியைக் கிளப்ப மட்டும்.
இரண்டாவது, லித்தியம், மருந்துப் பெட்டிக்கு.
நாலு டிகிரி, இரவும் பகலும், பாலைவனத்திலும்.
நடுவில் ஒரு சார்ஜர்.
எஞ்சின் ஓடும்வரை இதிலிருந்து அதற்கு ஊட்டும்,
நின்றதும் கையை விட்டுவிடும்.
ஒன்று செத்தாலும் மற்றது கூடவே சாகக் கூடாது, அவ்வளவுதான்
என்று விளக்கினேன்.
அவர்கள் இருவரும்
ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

லாக்கரைச் சோதிக்க மண் தேடி
லிம் சூ காங்வரை போனோம்.
நுழையாதே என்று நான்கு மொழிகளில் பலகை.
தமிழில் படித்தேன்,
ஒற்றுப்பிழையோடு தடுத்தார்கள்.
திரும்பி வந்து பட்டறை வாசலில்
பலகை போட்டு, சோப்புத் தண்ணீர் ஊற்றி,
இடது பின்சக்கரத்தை அதன்மேல் ஏற்றினோம்.
சுற்றியது, சுற்றியது, நின்ற இடத்திலேயே.
ஹஸ்னூல் பொத்தானை அழுத்தினான்.
டக்.
ஒரு முழம் நகர்ந்தது.
கைதட்டினோம், மங்கோலியாவைக் கண்டவர்கள்போல.

கிளம்ப மூன்று நாள் இருக்கையில்
விடிகாலை மூன்று பத்துக்குப் பெட்டி அணைந்தது.
பேட்டரியில் பதின்மூன்று வோல்ட்.
பெட்டிக்கு வந்து சேர்ந்தது பத்தரை.
மீதியை வழியில் யாரோ தின்றிருந்தார்கள்.
சிவப்புக் கம்பியை அங்குலம் அங்குலமாய் விசாரித்தேன்.
ஃபியூஸ், ரிலே, ஒவ்வொரு முடிச்சும்.
எல்லாம் உத்தமர்கள்.

அடியிலிருந்தே கேட்டான் ஹஸ்னூல்:
"கக், பூமி பார்த்தாச்சா?"
அவன் மலாயில்தான் கேட்டான்.
பூமி அங்கேயும் பூமிதான்.

கறுப்புக் கம்பி.
யாரும் கேள்வி கேட்காத கறுப்பு.
போல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது,
பெயிண்ட்டின் மேல்.
முறுக்கிய கை என்னுடையது.

நாலு ரப்பர் வளையங்களின் மேல் நிற்கிற வண்டி
மண்ணை எங்கே தொடுகிறது?
தன் உடம்பையே பூமி என்று வைத்துக்கொள்கிறது.
வேலைக்குப் போன கரண்ட் எல்லாம்
அந்த இரும்பு வழியாகத்தான் வீடு திரும்பியாக வேண்டும்.
நானோ அந்த வாசலில்
வழவழப்பாய் ஒரு தோலை விட்டு வைத்திருந்தேன்.

உப்புத்தாளால் தேய்த்தேன்.
வெள்ளை போய்ப் பச்சை,
முந்தைய உரிமையாளர் யாருடைய விருப்பமோ.
பச்சை போய்ச் சாம்பல் பிரைமர்.
அதற்கும் கீழே
காசு அகலத்துக்கு வெற்று இரும்பு,
கூசியது கண்.
பதின்மூன்று.

வெள்ளிக்கிழமை துவாஸ் வழியாகப் போய்விட்டார்கள்.
எனக்கு லைசென்ஸ் கிடையாது.
பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபோது பார்த்தேன்,
நகக்கண்ணில்
இன்னும் கொஞ்சம் பச்சை.