கோடியக்கரை முளை

கூடாரத்தை உதறியதும்
ஏற்காட்டுச் சரிவின் செம்மண்ணில்
ஒரு படி கடல்மணல் கொட்டியது.
கூடவே ஒரு நண்டுக்கால்,
எழுத்தழிந்த வேதாரண்யம் பஸ் டிக்கெட்,
முழ நீளத்தில் ஒரு மர முளை.

இருபது கொண்டை ஊசி வளைவுக்கும்
வாந்தியெடுத்தே வந்த அகவன்
மணலைப் பார்த்ததும் தெளிந்துவிட்டான்.
அள்ளி மோந்து
"இன்னும் மீன் நாறுதும்மா" என்றான்.

அலுமினிய முளைகள் எட்டு.
எட்டையும் பாறை
ஊக்குபோல வளைத்துத் திருப்பித் தந்தது.
சென்றாயன் சுத்தியலைப் போட்டுவிட்டு
தட்டுவடை செட்டைப் பிரித்தார்.
கோபம் வந்தால் அவருக்குப் பசிக்கும்.
பீட்ரூட் துருவல் சட்டையெல்லாம் சிந்த,
இரும்பாலையில் இருபது வருடம் வேலை பார்த்தவனுக்கே
இந்தக் கதியா என்றார், பாறையிடம்.

"அந்தக் கட்டையை அடிச்சுப் பாருங்கப்பா"
என்றாள் மிருதுளா, போனிலிருந்து தலை தூக்காமல்.

இரண்டு கல்லுக்கு நடுவில்
கட்டை இறங்கியது.
மற்ற மூலைகளுக்குப் பாறாங்கற்கள்.

அது எங்கள் முளை இல்லை.
போன மாசியில், கோடியக்கரை தாண்டி
ரோடு முடிந்த பிறகும் நடந்து,
யாருமற்ற கரையில் இதே கூடாரத்தை விரித்தபோது
மீன்வாடியிலிருந்து ஒருவர் வந்து
"இந்தக் கம்பியெல்லாம் மணல்ல நிக்காது" என்று
வலை காயவைக்கும் முளையில் ஒன்றைப் பிடுங்கித் தந்தார்.
முருகுபாண்டி.
காலையில் கொடுத்துவிட வேண்டியதுதான்.
பஸ்ஸுக்கு நேரமாகி, அப்படியே சுருட்டி வந்துவிட்டோம்.

அன்றிரவு நல்ல காற்று.
நானும் பிள்ளைகளும் அடித்துப்போட்டாற்போல் தூங்கினோம்.
விடிந்ததும் இவர் சொன்னார்:
"நல்ல முளை. இம்மியும் அசையல."
சேலம் வரும்வரை பஸ்ஸில்
வாய் பிளந்து தூங்கிக்கொண்டே வந்தார்.
கும்பகர்ணன் என்று பிள்ளைகள் படமெடுத்தார்கள்.
அந்தப் படம் இன்னும்
எங்கள் குடும்ப குரூப்பில் சுற்றுகிறது.

நிலா ஏறியது.
கீழே, கருப்பூர்ப் பக்கம்,
வெள்ளைக்கல் சுரங்கத்து மேடுகள்
உப்பளத்துக் குவியல்போலத் தெரிந்தன.
அலைதான் இல்லை.
பொழுதோடு வந்துபோன காட்டெருமையின் சாணி
தோட்டத்து வேலிக்கருகே ஆவியடங்கிக் கிடந்தது.

மிளகுக்கொடி சுற்றிய சில்வர் ஓக் ஒன்றின் அடியில்
ஒன்றரைக் கோடு டவர்.
'கோடியக்கரை முளை' என்று
பதிந்து வைத்திருந்த எண்ணை
என்ன நினைத்தோ அழுத்தினேன்.
மன்னிப்புக் கேட்க ஒரு வருடம் தாமதம்.
எடுத்துவிட்டார்.

"எந்த முளைம்மா?
இங்க முளைக்கா பஞ்சம்?"
சேலம் என்றேன், நாலு பேர் என்றேன்,
நீலக் கூடாரம் என்றேன்.

"அட, அந்த சாரா!
ராத்திரி பூரா கம்பியக் கட்டிப் புடிச்சுக்கிட்டு
நின்னாரே, அவருதானே?
முளை ரெண்டு மணிக்கே புடுங்கிக்கிச்சே.
போட்டுலேருந்து டார்ச் அடிச்சுப் பாத்துப் பாத்து
நாங்க சிரிச்ச சிரிப்பு…
வாங்க சார், வாடியில படுங்கன்னு கூப்புட்டேன்.
புள்ளைங்க முழிச்சுக்கும்,
பேசாம போங்கன்னு கையக் காட்டுனாரு.
நல்லா இருக்காரா?"

இருக்கிறார், என்றேன்.
மேற்கொண்டு அவர் கேட்டது
டவரோடு போய்விட்டது.

கூடாரத்துக்குள்
மூன்று குறட்டை, மூன்று சுருதி.
எது அவருடையது என்று
தனியாகக் கேட்க முடிந்தது.
போர்வைக்கு வெளியே நீட்டிய உள்ளங்கையில்
பீட்ரூட் கறை.

சொல்லலாமென்று வாயெடுத்தேன்.
பதினாறு வருடத்தில்
என்னிடம் அவர் மறைத்த ஒன்றே ஒன்று இதுவாக இருந்தால்
இருந்துவிட்டுப் போகட்டும்.

குளிர்காற்று காப்பிச் செடிகளைத் தாண்டி வந்து
துணியை ஒருமுறை உப்பவைத்தது.
வெளியே போய்
முளையைக் காலால் மிதித்துப் பார்த்தேன்.
லேசாக ஆடியது.
பக்கத்தில் உட்கார்ந்தேன்,
கொஞ்ச நேரம்தான்.
அப்புறம் எத்தனை மணி என்று பார்க்கவில்லை.

காலையில் பல்லில் பிரஷ்ஷோடு அவர் கேட்டார்:
"ராத்திரி காத்தடிச்சுதா?"

"நல்ல முளை" என்றேன்.