முப்பது கிராம்

பிரெஸ்ட் நகரில் மழை விடுவதே இல்லை.
கேக் கடையின் பின்கட்டில்
நானும் யானிக்கும்.
குரேஹா என்ற என் பெயரை
அவர் வாய் குரேயா ஆக்கிவிட்டது.
போகட்டும்.

ஊஜியிலிருந்து வந்த டப்பா உள்ளங்கையளவு.
உள்ளே மாட்சா,
என் அரைநாள் கூலி.
மூன்று முறை சலித்தேன்.
கட்டி தட்டினால் நாக்கில் மண் நெருடும்.

முதல் கேக் அடுப்புக்குப் பலி:
நூற்றெண்பது டிகிரியில்
பச்சை வைக்கோலாகிப் போனது.
இரண்டாவதைக்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு
"பூஞ்சணம்" என்றாள் மதாம் லெ கோஃப்.
சர்க்கரையை இரட்டிப்பாகப் போடு என்றார் யானிக்.
மாட்டேன்.
கசப்பை ஒளித்துவைக்கவா
இவ்வளவு தூரம் வந்தேன்?

இன்று காலை ஐந்தே கால்.
முகர்ந்து பார்க்கக் குனிந்தார்.
கடற்பாசி, பச்சைப் பட்டாணி, இன்னும் ஏதோ
சொல்ல வாயெடுத்தவருக்குத் தும்மல்.
நல்ல மனிதர், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.
முழங்கைக்குத்தான் தெரியவில்லை
டப்பா எங்கே இருக்கிறதென்று.

வெண்ணெய்ப் பாளத்தில், தராசில், மீசையில்,
ஆறிக்கொண்டிருந்த தொண்ணூறு குரோசான்களின் முதுகில்
மெல்ல, மிக மெல்ல
இறங்கியது பச்சை.

இருவரும் பேசவில்லை.
விலைச்சீட்டில்
முப்பது சென்ட் கூட்டி எழுதினேன்.

எட்டு மணிக்குள் தட்டு காலி.
மதாம் லெ கோஃப் நான்கு வாங்கினாள்.
வாசலிலேயே ஒன்றைக் கடித்து
"கசக்கிறதே" என்றாள்,
புகாரா பாராட்டா தெரியவில்லை.
உதடெல்லாம் பச்சை.
நாளைக்கு ஆறு எடுத்துவை என்றாள்.

தராசை இன்னும் துடைக்கவில்லை நான்.
தட்டில் ஒட்டியிருப்பதை
முள் காட்டுகிறது:
இரண்டு கிராம்.