முப்பத்து நாலு

நான் ஆட்டம் பார்ப்பதில்லை.
கேலரிக்கு அடியில், இரண்டு வாஷிங் மெஷின்கள் சுற்றும் அறையில்
சனிக்கிழமை என்பது தலைக்கு மேலே காலடிகள்.
எங்கள் ஆட்கள் கோல் போட்டால் கூரை இடியும்.
வந்தவர்கள் போட்டால் கடல் கேட்கும்.

செப்டம்பரில் வந்தான் ஸ்ட்ரூவன் கெட்டிஸ்.
பதினெட்டு வயது, சென்டர் பேக்,
கிளாஸ்கோவின் பெரிய கிளப் ஒன்று
ஜனவரி வரை எங்களுக்குக் கடன் கொடுத்த பையன்.
எங்கள் கோல்கீப்பர் வாரநாட்களில் வயரிங் வேலைக்குப் போகிறவர்,
விங்கர் தபால்காரன்.
பந்தைத் தவிர வேறு பிழைப்பில்லாதவன் இவன் ஒருவன்தான்.
மீதமிருந்த சட்டை முப்பத்து நாலு. ஓர் அளவு பெரிது.
வெள்ளை. இந்தச் சேற்றூருக்கு வெள்ளையைத் தேர்ந்தவர் யாரோ,
அவரை நான் தினமும் திட்டுகிறேன்.

முதல் வாரமே கை ஓரத்தில் நீலமாய் ஒரு கசிவு.
மணிக்கட்டில் சுற்றிய டேப்பில் பேனாவால் எழுதியிருந்தான்:
‘ஒன்பது, இடது கால். திரும்ப விடாதே. பேசு. பேசு.’
டேப்பை உரித்துப் போட்டேன். கசிவு போகவில்லை.

முன்னால் ஆடுகிறவர்களுக்கு முதுகில்தான் அழுக்கு,
நடுவர் பார்க்க விழுகிறவர்கள்.
இவனுக்கு இடது தொடை.
இடுப்பிலிருந்து முழங்கால்வரை ஒரே இழுப்பாய்ப் பச்சை.
வலப்பக்கம் கடையில் வாங்கிய மாதிரி இருக்கும்.
பையன் ஒரு பக்கம்தான் விழுகிறான் என்று
பவுடர் அளக்கும்போது நினைத்துக்கொண்டேன்.
நான் பார்த்ததை
ஊருக்கு ஊர் இருக்கும் ஒன்பதாம் எண்களும் பார்த்திருப்பார்கள்.

அக்டோபர், மூன்றாம் சனி.
மேலே ஒரு சத்தம் எழுந்து பாதியில் அறுந்தது.
பிறகு கடல்.
அன்று சட்டைக் கழுத்தில் பல் பதிந்து நூல் பிரிந்திருந்தது.
தபால்காரன் சொன்னான்:
வலப்பக்கம் வந்த பந்து, இவன் முழங்காலில் பட்டு
எங்கள் வலைக்குள்ளேயே.
கழுத்தைத் தைத்தேன்.
வெள்ளை நூல் தீர்ந்திருந்தது, சந்தன நிறத்தில்.

அதன்பின் செவ்வாய் இரவுகளில்
எல்லோரும் போனபிறகும் ஒரு விளக்குக் கம்பம் எரிந்தது.
மழையில் ஒருவன் தானாக விழுந்து
தானாக எழுகிற ஓசை.
எதிரே ஆளில்லை. பந்துகூட இருந்ததாகத் தோன்றவில்லை.
புதன் காலை கூடையில் வலது தொடை:
மண், புல், கொஞ்சம் ரத்தம்.
ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர்தான்.
வெந்நீர் பட்டால் பிடித்துக்கொள்ளும்.

நவம்பரில் டேப்பில் ஒரே ஒரு ‘பேசு’.
டிசம்பரில் டேப் இல்லை.

அப்போதுதான் புதிதாய் ஒரு சத்தம் எனக்குப் பழகியது.
கைதட்டல் இல்லை அது.
முன்னூறு பேர் ஒரே சமயத்தில் விடுகிற மூச்சு.
ஒரு கால் நீண்டு, பந்து வேலிக்கு வெளியே போய்,
நடக்க இருந்தது நடக்காமல் போனதன் ஓசை.
திங்கட்கிழமைப் பத்திரிகையில் அதற்கு ஒரு வரியும் இருக்காது.
கூடையில் இருக்கும்: இரண்டு தொடையிலும்.

ஜனவரியில் கார் வந்தது.
சட்டையைக் கூடையில் எறியாமல்
மடித்து மெஷின் மேல் வைத்துவிட்டு ஏதோ சொன்னான்.
மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது, காதில் விழவில்லை.

இப்போது அதை இன்வர்னெஸ் பையன் ஒருவன் போடுகிறான்.
அவனுக்குக் கை எட்டவில்லை.
இந்த நீலம் என்ன என்று கேட்டான்.
பேனா என்றேன்.

நேற்று டிவியில் ஸ்ட்ரூவனைக் காட்டினார்கள், இரண்டு நொடி.
பெரிய மைதானம், பெஞ்சில் ஏழாவது ஆள்,
கழுத்துவரை ஜிப்பை இழுத்துவிட்டு
உப்பில்லாத முகத்தோடு உட்கார்ந்திருந்தான்.
ஒரு சொட்டுச் சேறு இல்லை.
அங்கே துவைக்கிறவளுக்கு
இவனைப் பற்றி என்ன தெரிந்திருக்கும்.