எந்த வாழைப்பழம்

வாழைப்பழ அளவுக்கு வயிற்றை விட்டுவைப்போம் என்று
காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினார் டாக்டர்.
எந்த வாழைப்பழம் என்று கேட்டேன்.
நிமிர்ந்து பார்த்தார்.
பூவனா, ரஸ்தாளியா, ஏலக்கியா,
நாகர்கோவில் நாத்தனார் கொண்டுவரும் நேந்திரமா?
நேந்திரம் என்றால் இப்போதே கையெழுத்துப் போடுகிறேன்.
அவருக்குச் சிரிக்கத் தெரிந்திருந்தது.
அதனால்தான் போட்டேன்,
அறுபத்திரண்டு வயதில்,
நான்கு இடத்தில்.

பதினான்கு நாள் வெறும் திரவம்.
வெனிலா என்று டப்பா மட்டும் நம்பும் ஒரு மாவு,
வடிகட்டிய ரசம், நீர்மோர்.
ஆறாம் நாள்
பெரம்பூர் மார்க்கெட் மொத்தமும்
என் மூக்கில் வந்து கடை விரித்தது.
கீழ்வீட்டுக் கத்தரிக்காய் வதங்குகிறதா கருகுகிறதா,
மாடியிலிருந்தே சொல்வேன்.
இரவு பதினொன்றுக்கு
விளக்குப் போடாத சமையலறையில் சகாயம்
முறுக்கை வாயிலேயே ஊறவைத்துத் தின்கிறார்,
கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்கக் கூடாதென்று.
ஊறுகிற சத்தமும் கேட்டது.
சொல்லவில்லை.

மனநல ஆலோசகர் என் மகளைவிடச் சின்னவள்.
எப்பலேர்ந்து இப்படிச் சாப்பிடறீங்க ஆன்ட்டி?
டிரங்க் எக்ஸ்சேஞ்சில் இருபத்தாறு வருடம் இரவுப் பணி.
ரெண்டு மணிக்குத் தூத்துக்குடி லைனில்
யாரோ யாருக்கோ சாவு சொல்வார்கள்.
இணைத்துவிட்டு
பன்னில் ஜாம் தடவுவேன்.
அந்தத் துக்கம்தான் உங்களைச் சாப்பிட வச்சுதா?
இல்லம்மா, பசி.
அவள் நிறைய எழுதிக்கொண்டாள்.

இந்த வயசுல எதுக்கு இதெல்லாம்?
லூர்து மாதா கோயில் வாசலில் ரோஸ்லின் அக்கா,
லிஃப்டில் மூன்றாம் மாடிக்காரர்,
போனில் திருச்சி.
மூட்டு மாற்ற எடை குறையணுமாம் என்று
எல்லோருக்கும் ஒரே பதில் வைத்திருந்தேன்.
அது உண்மைதான்.
ஷேர் ஆட்டோவில் ரெண்டு ஆள் காசு வாங்குகிறான் என்பதும் உண்மை.
சொல்லாதது,
என் கால் நகத்தை நான் தொட்டு ஒன்பது வருடம்.
ஒன்றுவிட்ட ஞாயிறு
பூசை முடிந்து வந்ததும் சகாயம்
முக்காலியை இழுத்துப் போட்டு
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெட்டுவார்.
சுண்டுவிரலுக்கு மட்டும் நாக்கைக் கடித்துக்கொள்வார்.
அதை நானே வெட்ட வேண்டும்.
அவ்வளவுதான்.
பிறகு அந்த ஞாயிறுகளில் அவர் என்ன செய்வார் என்று
யோசித்தால் மூச்சு வாங்குகிறது.

மூச்சுக்கும் வீட்டுப்பாடம் உண்டு.
பிளாஸ்டிக் கூண்டுக்குள் மூன்று பந்து,
குழாயில் உறிஞ்சினால் ஏற வேண்டும்.
முதல் பந்து சொன்ன பேச்சுக் கேட்கும்.
இரண்டாவது பாதி வழியில் யோசிக்கும்.
மூன்றாவது,
எங்கள் ஆபீஸ் பியூன் ஏகாம்பரம் மாதிரி,
யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்காது.

உடம்பில் நகை எதுவும் இருக்கக் கூடாதாம்.
மோதிரம் வரவில்லை.
சோப்பு, தேங்காயெண்ணெய்,
நூல் சுற்றி இழுத்தல்,
விரல் நாவல்பழ நிறமானதுதான் மிச்சம்.
பேப்பர் மில்ஸ் ரோட்டில் ஒரு ஆசாரி
சின்ன அரத்தால் அறுத்தெடுத்தார்.
மழைத்தண்ணீரில் நின்ற பாதம்போல
விரலில் வெளுத்த ஒரு வளையம்,
முப்பத்தாறு வருடம் வெயில் படாதது.
பத்த வச்சுரட்டுமா, என்ன சைஸு?
சகாயம் என்னைப் பார்த்தார்.
தெரியலையே என்றேன்.
வாய் பிளந்த மோதிரத்தை
ரோஸ் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

திரும்பும்போது 29சி காலியாக வந்தது.
இருவர் சீட்டில் நான் உட்கார்ந்ததும்
சீட்டு நிறைந்துவிட்டது.
பின்னால் அத்தனை இடம் இருந்தும்
கம்பியைப் பிடித்தபடி
என் பக்கத்திலேயே நின்றுகொண்டு வந்தார்.
ஓட்டேரி தாண்டியதும் குனிந்து
அடுத்த வருஷம் இதே சீட்ல, என்று தொடங்கினார்.
வாயைத் திறந்ததும்
ஓமம் வாசனை.